செக்கு நின்ற பிறகு: வ.உ.சி.யும் விடாமுயற்சிப் பாடங்களும்

1

செப்டம்பர் 5 நெருங்கினால் போதும், வாட்ஸப்பில் வ.உ.சி. வந்துவிடுவார். 'கப்பலோட்டிய தமிழர் பற்றி நீங்கள் அறியாத 10 உண்மைகள்', 'வ.உ.சி. கற்றுத்தரும் 7 விடாமுயற்சிப் பாடங்கள்' என்று வரிசையாக ஃபார்வர்டுகள். நான் வேலை பார்க்கும் துறையில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. அதில் வ.உ.சி. 'தமிழ்நாட்டின் முதல் ஸ்டார்ட்-அப் ஃபவுண்டர்'. முதலீடு திரட்டினார், சந்தையில் ஏகபோகத்தை உடைத்தார், தோல்விக்கு அஞ்சவில்லை, ஆகவே நீங்களும் அஞ்சாதீர்கள். கீழே கப்பல் படம்.

இந்தப் பட்டியல்களையும் ஓர் இலக்கிய வகையாகவே வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இவற்றை எழுதுபவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆனால் பள்ளிப் பேச்சுப்போட்டி, பாடநூல் கட்டுரை, மேடை உரை, யூடியூப் காணொளி என்று தமிழில் அதிகம் பேர் வாசிக்கும், கேட்கும் வாழ்க்கை வரலாறு இதுதான். நாவல் வாசிக்காதவர்கூட இதை வாசித்திருப்பார். இவ்வளவு பரவியிருக்கும் ஒரு வகைக்கு விமர்சனமே இல்லாமல் இருப்பது நியாயமில்லை.

அந்த வகையைச் சோதித்துப் பார்க்க வ.உ.சி.யை விடப் பொருத்தமான தலைவர் கிடையாது. இரண்டு காரணங்கள். ஒன்று, அவர் வாழ்க்கை இந்த வகை எதிர்பார்க்கும் முடிவைத் தருவதில்லை. இரண்டு, இந்த வகைக்குத் தமிழில் தொடக்கம் போட்டவர்களில் அவரே ஒருவர். இரண்டாவது காரணம் பட்டியல் போடுபவர்களுக்குத் தெரிவதே இல்லை.

2

முதலில் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

'அறியப்படாத உண்மைகள்' என்று தலைப்பு இருக்கும். உள்ளே இருப்பது எல்லாரும் அறிந்தது. சுதேசிக் கப்பல் கம்பெனி, இரட்டை ஆயுள் தண்டனை, செக்கிழுத்தது. 1961இல் பி.ஆர்.பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் சிவாஜி கணேசன் நடித்துக் காட்டிய காட்சிகள்தான் அவை. அந்தப் படத்துக்கு ம.பொ.சி. எழுதிய நூல் ஆதாரம். ம.பொ.சி.க்கு ஒரு தேவை இருந்தது. மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒருவரைத் தமிழர் நினைவில் நிறுத்த வேண்டும். அதற்கு ஒரு பட்டப்பெயரும் ஒரு வீரக்கதையும் வேண்டியிருந்தன. அவர் அதைச் செய்தார், வெற்றியும் கண்டார். இன்றைய பட்டியல் அந்த நூலின் உழைப்பை விட்டுவிட்டு அதன் உச்சக்காட்சிகளை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது.

வெட்டும்போது எது விழுந்துவிடுகிறது? கணக்கு போட்டுப் பார்த்தால் தெரியும்.

வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரத்தில். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவர் கைதானது 1908 மார்ச் 12. ஆக, பதிவான கம்பெனியை அவர் வெளியில் இருந்து நடத்தியது 17 மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. கைதான நாளிலிருந்து விடுதலையான 1912 டிசம்பர் 24 வரை 4 வருடம் 9 மாதம். அதற்குப் பிறகு 1936 நவம்பர் 18 அன்று இறக்கும்வரை கிட்டத்தட்ட 24 வருடங்கள்.

கப்பலுக்கு 17 மாதம். சிறைக்கு 57 மாதம். பிறகு 24 வருடம். நம் பட்டியலில் கப்பலுக்கு ஐந்து பாயிண்ட், சிறைக்கு நாலு பாயிண்ட், 24 வருடத்துக்கு ஒரு பாயிண்ட்: 'கடைசிக் காலத்தில் வறுமையில் வாடினார்.' உடனே அடுத்த வரியில் 1972 நூற்றாண்டு அஞ்சல்தலைக்கோ, தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்ததற்கோ தாவிவிடும்.

இந்தத் தாவலில்தான் வகையின் சூட்சுமம் இருக்கிறது. 'விடாமல் முயன்றால் வெற்றி' என்பது அதன் சூத்திரம். வ.உ.சி. விடாமல் முயன்றார், ஆனால் கம்பெனி மூழ்கியது. அவர் சிறையில் இருக்கும்போதே 1911இல் அதைக் கலைத்தார்கள். எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கினாரோ, அந்தப் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கே 'காலியா' கப்பல் விற்கப்பட்டது. சூத்திரம் உடைந்துபோகிறது. அதை ஒட்டவைக்க, செத்த பிறகு கிடைத்த மரியாதையைக் கொண்டுவந்து 'வெற்றி' என்ற கட்டத்தில் வைக்கிறார்கள். அஞ்சல்தலையை 1936க்கு முன் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

3

செக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் போளூர்க்காரன். எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை விளைகிற ஊரில் செக்கு என்றால் என்னவென்று யாருக்கும் படம் போட்டு விளக்க வேண்டாம். உரலும் உலக்கையும் சுற்றி வரும் மாடும் இன்று கிட்டத்தட்ட இல்லை, மோட்டார் வந்துவிட்டது. ஆனாலும் 'செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கான்' என்ற பேச்சு போகவில்லை. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்? காலையிலிருந்து சாயங்காலம்வரை நடந்தும் எங்கேயும் போய்ச்சேராதவன். தமிழில் செக்கு என்பது போய்ச்சேராத உழைப்பின் உருவகம். அதைத்தான் இந்தப் பட்டியல் வகை விடாமுயற்சியின் சின்னமாக மாற்றி வைத்திருக்கிறது.

கோயம்புத்தூர்ச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்தது முயற்சி இல்லை, தண்டனை. அவர் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. முதலில் சணல் கிழிக்கும் எந்திரத்தில் போட்டார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிறகு மாட்டுக்குப் பதில் செக்கில் பூட்டினார்கள். இதில் நமக்கு என்ன பாடம்? 'அவர் செக்கையே இழுத்தார், நீ இந்தக் காலாண்டு டார்கெட்டை முடிக்க மாட்டாயா?' என்பதா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய இதே வாக்கியத்தை நான் மேடையில் கேட்டிருக்கிறேன்.

ஒருவரைத் துன்புறுத்தியதை அவருடைய குணச்சிறப்பாக மாற்றிவிட்டால், துன்புறுத்தியவர் கதையிலிருந்து நழுவிவிடுவார். பட்டியல்களில் செக்கு இருக்கும், செக்கில் பூட்டிய அதிகாரம் இருக்காது. தேசத்துரோகச் சட்டம் இருக்காது, தீர்ப்பெழுதிய நீதிபதி பின்ஹே இருக்க மாட்டார். கட்டணத்தை இறக்கி இறக்கிக் கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்த போட்டிக் கம்பெனி வந்தாலும், 'சவால்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடும். 'சவால்கள் வந்தன, சமாளித்தார்.' மழை வந்தது, குடை பிடித்தார் என்பது போல.

4

இப்போது வ.உ.சி. பக்கம் வருவோம். இந்த வகையை எதிர்த்து எழுத வ.உ.சி.யையே சாட்சிக்கு அழைப்பது அவ்வளவு சுலபமில்லை. ஏனென்றால் அவர் ஜேம்ஸ் ஆலனின் மொழிபெயர்ப்பாளர்.

ஜேம்ஸ் ஆலன் 1864இல் பிறந்து 1912இல் இறந்த ஆங்கில எழுத்தாளர். அவருடைய 'ஆஸ் எ மேன் திங்கெத்' 1903இல் வந்தது. இன்றைக்கு விமான நிலையப் புத்தகக் கடைகளில் அடுக்கியிருக்கும் சுயமுன்னேற்ற நூல்களுக்கு அது ஒரு தாத்தா மாதிரி. அதை வ.உ.சி. 'மனம்போல் வாழ்வு' என்று தமிழாக்கினார். நூல் வெளிவந்தது 1909இல், அவர் சிறையில் இருக்கும்போது. விடுதலைக்குப் பிறகு 1914இல் 'அகமே புறம்', 1916இல் 'வலிமைக்கு மார்க்கம்', பல வருடம் கழித்து 1934இல் 'சாந்திக்கு மார்க்கம்'. ஆக இது ஏதோ ஒரு சமயத்து ஆசை இல்லை. கால் நூற்றாண்டு அவர் ஆலனை விடவில்லை.

ஆலன் சொல்வது சுருக்கமாக இது: மனிதனின் எண்ணம் எப்படியோ அப்படியே அவன் சூழ்நிலையும் அமையும். வெளியே நடப்பது உள்ளே இருப்பதன் விளைவு.

இதை எழுதியவர் இங்கிலாந்துக் கடற்கரை ஊரில் அமைதியாக வாழ்ந்தவர். மொழிபெயர்த்தவர் செக்கில் பூட்டப்பட்டவர். இந்த முரணை என்ன செய்வது?

எளிய விடைகள் இரண்டு இருக்கின்றன. ஆறுதலுக்காகச் செய்தார் என்பது ஒன்று. ஆறுதலுக்கு அவரிடம் திருக்குறளும் சைவ சித்தாந்தமும் கைவசம் இருந்தன, ஆலன் எதற்கு? வ.உ.சி.யும் பட்டியல்காரர்களின் கட்சிதான் என்பது இன்னொரு விடை. அதை ஏற்பதற்கு முன்னால் அவர் எப்படி மொழிபெயர்த்தார் என்பதைப் பார்க்க வேண்டும்.

தலைப்புகளையே பாருங்கள். 'அவுட் ஃப்ரம் தி ஹார்ட்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'இதயத்திலிருந்து' என்கிற மாதிரி ஏதோ வரும். வ.உ.சி. 'அகமே புறம்' என்று வைத்தார். அகம், புறம் இரண்டும் நம் சங்க மரபின் அடித்தளச் சொற்கள். காதல் ஒரு பக்கம், போரும் அரசும் கொடையும் இன்னொரு பக்கம் என்று மரபு பிரித்து வைத்ததை ஓர் ஏகாரத்தைப் போட்டு ஒன்றாக்கிவிடுகிறார். பொதுவாழ்க்கைக்கான தகுதி தனிவாழ்க்கையின் ஒழுங்கிலிருந்துதான் வரும் என்ற பொருள் ஆங்கிலத் தலைப்பில் இல்லை, தமிழ்த் தலைப்பில் ஏறிவிட்டது. அரசியல் வேலைக்காகச் சிறை போனவர் வைத்த தலைப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதன் கனம் தெரியும்.

அடுத்து 'மெய்யறம்'. கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்காக அவர் எழுதிய நீதிநூல். 125 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து வரி. குறளின் சாரத்தை எளிய ஒற்றையடி வாக்கியங்களாக்கும் முயற்சி. யாருக்காக என்பதுதான் முக்கியம். கைதிகளுக்கு. 'நீ இங்கே வந்து கிடப்பதற்கு உன் எண்ணம்தான் காரணம்' என்று அவர்களிடம் சொல்லி நகர்ந்திருக்கலாம். ஆலனை நேராகப் பிடித்துக்கொண்டவர் அதைத்தான் சொல்வார். வ.உ.சி. செய்தது கற்பித்தல்.

என் வாசிப்பு இப்படி: வ.உ.சி. ஆலனைத் தனக்காக வைத்துக்கொண்டார், அடுத்தவரை அளக்கும் கோலாக எடுக்கவில்லை. சிறைக்குள் ஒருவனின் ஆளுகைக்கு மிச்சமிருப்பது மனம் ஒன்றுதான். அந்த எல்லைக்குள் ஆலன் சொல்வது உண்மை. அதே வாக்கியத்தை வெளியே கொண்டுவந்து அடுத்தவன் தலையில் வைத்தால் கொடுமை. வ.உ.சி.க்குக் கிடைத்த தண்டனையைக் கேட்டு அவர் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது, கடைசிவரை சரியாகவில்லை. சுப்பிரமணிய சிவாவுக்குச் சிறையில் தொழுநோய் பிடித்தது. இவை இரண்டும் அவரவர் எண்ணத்தின் விளைவு என்று வ.உ.சி. ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார். அப்படிச் சொல்ல முடியாத இடம் வந்ததும் ஆலனின் தத்துவம் நின்றுவிடுகிறது. இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சு அந்த இடத்தில் நிற்பதில்லை.

5

இதற்கு ஆதாரமாக நான் வைப்பது அவருடைய 'சுயசரிதை'. வ.உ.சி. இதை உரைநடையில் எழுதவில்லை, அகவலில் எழுதினார். பரலி சு. நெல்லையப்பர் கேட்டுக்கொண்டதால் எழுதத் தொடங்கிய இந்த நூல் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 1946இல்தான் அச்சானது.

இளம் வாசகர்கள் இதைத் தொடுவதே இல்லை. காரணம் புரிகிறது. செய்யுள் என்றதும் பரீட்சை ஞாபகம் வந்துவிடுகிறது. ஆனால் ஒரு பத்துப் பக்கம் சந்தியைப் பிரித்துப் பிரித்துப் படித்தால் பழகிவிடும். அகவலில் நின்று அழ இடம் கிடையாது. அது நடந்துகொண்டே இருக்கும் ஓசை. கை கிழிந்ததும், கஞ்சி குடித்ததும், அதிகாரி அதட்டியதும், இவர் எதிர்த்துப் பேசியதும் ஒரே வேகத்தில், ஒரே குரலில் வந்து போகின்றன. சினிமாவில் வயலின் வாசிக்கும் இடத்தில் இங்கே அடுத்த அடி வந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. பல இடங்களில் நிகழ்ச்சிகளை அடுக்கிக்கொண்டே போகிறார். பெயர்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. அந்தக் காலத்துத் தூத்துக்குடி, திருநெல்வேலி ஆட்களைத் தெரியாதவருக்கு மூச்சு வாங்கும். தன் பெருமையைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தயக்கமில்லை. கணவர் சிறையிலிருந்த அந்த வருடங்களை அவர் மனைவி மீனாட்சி அம்மாள் எப்படிக் கழித்தார் என்பதை நாம் கேட்கும் அளவுக்கு அந்த நூல் சொல்வதில்லை.

ஆனாலும் அந்தப் பெயர்க் கூட்டம்தான் இந்த நூலின் நேர்மை என்று எனக்குப் படுகிறது. யார் பணம் தந்தார், யார் கூட வந்தார், யார் விலகினார், சிறையில் எந்தக் கைதி உதவினான். இவர் சாதித்தது எதுவும் தனியாகச் சாதித்தது இல்லை என்று அந்தப் பெயர்கள் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. பட்டியல் வகை முதலில் வெட்டுவது இந்தப் பெயர்களைத்தான். கம்பெனியின் தலைவராக இருந்த பாண்டித்துரைத் தேவர், 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கிய ஹாஜி முகமது பக்கீர் சேட், 25 ரூபாய் போட்ட முகம் தெரியாத பங்குதாரர்கள், கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் வேலையை நிறுத்தி ஒன்பது நாளில் கூலி உயர்வு வாங்கிய தொழிலாளர்கள், எல்லாரும் காணாமல் போய் மேடையில் ஒற்றை ஆள் நிற்பார். அவர் பெயர் விடாமுயற்சி.

என் தொழில்புத்திக்கு இதில் வேறொரு பாடம் படுகிறது. ஒரே ஒரு சர்வரில் எல்லாவற்றையும் ஓட்டினால் அது விழும்போது எல்லாம் விழும். 1908இல் ஆங்கில அரசு செய்தது அதைத்தான். கம்பெனியைத் தடை செய்யவில்லை, ஓர் ஆளைப் பிடித்து உள்ளே போட்டது. மூன்று வருடத்தில் கம்பெனி தானாக விழுந்தது. 10 லட்சம் ரூபாய் மூலதனம் குறித்த ஓர் அமைப்பு ஒருவர் இல்லாமல் நிற்கவில்லை என்றால், அங்கே குறைந்தது தனிமனிதனின் விடாமுயற்சி இல்லை. வெளியே இருந்தவர்களின் கூட்டு உறுதி. வ.உ.சி. வாழ்க்கையிலிருந்து பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுக்க வேண்டிய பாடம் பங்குதாரர்களுக்கானது. அதை யாரும் ஸ்லைடு போடுவதில்லை.

6

சுயசரிதை சிறை விடுதலையோடு நின்றுவிடுகிறது. அந்த 24 வருடத்தைப் பற்றி அவர் அகவல் பாடவில்லை. அங்கே நமக்குக் கிடைப்பவை கடிதங்கள்தான். அதில் ஒரு பகுதியை ஆ.இரா.வேங்கடாசலபதி 2021இல் ஒரு சிறிய நூலாக எழுதினார். பெயர் 'வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா'.

கதை இதுதான். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சி. குடும்பத்துக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்திக்க விரும்பி எழுதுகிறார். காந்தி காலை ஆறு மணிக்கு நேரம் தருகிறார். தன்னால் அந்நேரத்துக்கு வர முடியாது, தனக்குக் கட்டுப்படியாகும் வண்டி டிராம் ஒன்றுதான், அது அவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்காது என்று வ.உ.சி. பதில் எழுதுகிறார். கப்பல் கம்பெனி நடத்தியவர் டிராம் நேரத்தைக் காரணம் காட்டி எழுதும் அந்தக் கடிதத்தில் புலம்பல் கிடையாது. நேரக் கணக்கு மட்டும்தான்.

பணம் உடனே வரவில்லை. காந்தி தொகையையும் கொடுத்தவர்களையும் உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. கடிதங்கள் போகின்றன, வருகின்றன. நடுவில் காந்தி தமிழிலேயே ஒரு கடிதம் எழுதுகிறார், வ.உ.சி.க்குச் சந்தோஷம். பணம் வேண்டும் என்று சொல்லக் கூச்சம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல வசதி இல்லை. இரண்டையும் மறைக்காமல் அவர் எழுதுகிறார். கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் வந்துசேர்ந்தது. நெல்லையப்பருக்கு எழுதும்போது அதைக் குறிப்பிடுகிறார்.

'காந்தி வ.உ.சி.க்குத் தரவேண்டிய பணத்தைத் தரவே இல்லை' என்ற பேச்சு தமிழ்நாட்டில் பல காலம் உலவியது. இன்றும் 'மறைக்கப்பட்ட உண்மை' என்ற தலைப்பில் உலவுகிறது. வேங்கடாசலபதி கடிதங்களை வைத்து அதை முடித்து வைத்தார். அறியப்படாத உண்மை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இது பகிரப்படுவதில்லை. ஏனென்றால் இதில் வில்லன் இல்லை. தாமதம் இருக்கிறது, தேவை இருக்கிறது, இரண்டு பெரிய மனிதர்களின் சங்கடம் இருக்கிறது. ஷேர் செய்ய ஏற்ற சரக்கு இல்லை.

அந்தத் தொகையை இன்னொரு விதமாகப் பாருங்கள். சுதேசிக் கம்பெனியின் ஒரு பங்கு 25 ரூபாய். 347 ரூபாய் 12 அணா என்பது 14 பங்குக்கும் குறைவு. நாற்பதாயிரம் பங்கு விற்கக் கிளம்பியவர் பதினாலு பங்குக் காசுக்காகப் பல மாதம் கடிதம் எழுதினார்.

விடாமுயற்சி என்ற சொல்லுக்கு வ.உ.சி. வாழ்க்கையில் நான் காண்கிற பொருள் இங்கேதான் தொடங்குகிறது. அவர் இரண்டாவது தடவை கப்பல் கம்பெனி தொடங்கவில்லை. பட்டியல் சூத்திரப்படி அது கைவிட்டதுதான். ஆனால் அந்த 24 வருடத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். தொழிலாளர் சங்க வேலை செய்தார். பறிபோன வக்கீல் சன்னதைத் திரும்ப வாங்கினார். அதற்கு உதவிய ஆங்கில நீதிபதி வாலஸின் நினைவாக மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். தன்னைத் தண்டித்த அரசின் நீதிபதி ஒருவர் பெயரை மகனுக்கு வைக்க அவருக்குக் கசப்பு தடையாக இருக்கவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பிக்கச் சுவடி தேடினார். திருக்குறள் அறத்துப்பாலுக்கு உரை எழுதினார். சாவதற்கு முந்தைய வருடம், 1935இல், சிவஞான போதத்துக்கு உரை வெளியிட்டார்.

இவற்றில் எதுவும் கப்பல் அளவுக்குப் பெரியது இல்லை. எதற்கும் கூட்டம் கூடவில்லை. பெரிய காரியம் முறிந்த பிறகு கைக்கு எட்டிய அளவில் சரியான அடுத்த காரியத்தைச் செய்வது, வாங்கியதற்குக் கணக்கு வைப்பது, உதவியவரை மறக்காமல் இருப்பது. இதை வெற்றிக்கு ஏறும் படி என்று சொல்ல முடியாது. எங்கேயும் ஏறவில்லை. இப்படித்தான் அவர் வாழ்ந்தார், அவ்வளவுதான்.

7

இதில் என்ன பெரிதாகக் கெட்டுப்போகிறது, ஏதோ பிள்ளைகள் நாலு நல்ல விஷயம் தெரிந்துகொள்கிறார்கள், போகட்டுமே என்று கேட்கலாம்.

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலை ஏறும் பஸ்ஸில் போயிருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். ஜவ்வாது மலையில் ஊர்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. பஸ் வராத ஊர்ப் பிள்ளைகள் நடந்து போகிறார்கள், இல்லையென்றால் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்குகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வருடா வருடம் விடாமுயற்சி பற்றிப் பேச்சுப்போட்டி வைக்கிறோம். சில வருடம் முன்பு எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அப்படி ஒரு போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு வ.உ.சி. பதினோரு பேர் பேசினார்கள், பதினோரு பேரும் செக்கில் குரலை உயர்த்தி அஞ்சல்தலையில் முடித்தார்கள். எல்லாம் முடிந்து பிஸ்கட் கொடுக்கும்போது எட்டாவது படிக்கும் ஒரு பெண் வந்து கேட்டாள்: "சார், அவரு உள்ள இருக்கசொல்ல அவங்க வூட்டுக்கு யாரு சார் அரிசி வாங்கிக் குடுத்தது?"

பட்டியல்களில் அதற்குப் பதில் கிடையாது. சுயசரிதையிலும் கடிதங்களிலும் இருக்கிறது: நண்பர்கள், நெல்லையப்பர் போன்ற தொண்டர்கள், கடல் தாண்டிக் காசு சேர்த்த தென்னாப்பிரிக்கத் தமிழர்கள், பல சமயம் யாருமே இல்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் அரிசி ஒரு கேள்வியாக இருந்திருக்கும். அதனால்தான் அவளுக்கு அது தோன்றியது. அவளிடம் போய் 'செக்கிழுத்தவரைப் பார், நீயும் விடாதே' என்று சொன்னால், பஸ் விடாத அரசும், வாத்தியார் போடாத பள்ளியும், நாமும் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறோம். எல்லாச் சுமையும் அவள் மனஉறுதியின் மேல் போய் உட்காருகிறது. அவள் பத்தாவதோடு நின்றுவிட்டால் அது அவள் விட்டுவிட்டதாகக் கணக்காகும். ஆலனை அளவுகோலாக்கினால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

அதனால் நான் கேட்பது தலைவர்களைப் பற்றிப் பேசாதீர்கள் என்பதில்லை. முழுதாகப் பேசுங்கள் என்பதுதான். வ.உ.சி.யைப் பற்றிப் பத்து உண்மைகள் என்று எழுதுவதானால் நாலை அந்த 24 வருடத்துக்குக் கொடுங்கள். மூன்றை அவரோடு நின்றவர்களுக்கும் நிற்காதவர்களுக்கும் கொடுங்கள். ஒன்றில் அவரைச் செக்கில் பூட்டியவர்களின் சட்டத்தைச் சொல்லுங்கள். ஒன்றில் அவர் மொழிபெயர்த்த ஆலனைச் சொல்லி, அது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிள்ளைகளையே விவாதிக்கச் சொல்லுங்கள். மிச்சம் ஒன்றில் கப்பலை வைத்துக்கொள்ளலாம்.

வாசகர்களுக்கு என் சிபாரிசு இன்னும் எளிது. 'சுயசரிதை'யைக் கையில் எடுங்கள். அகவல் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும், பரவாயில்லை. அதை முடித்த கையோடு வேங்கடாசலபதியின் சின்னப் புத்தகத்தைப் படியுங்கள். முதல் நூலில் நீதிமன்றத்திலும் சிறையிலும் தலை குனியாத ஒருவர் இருக்கிறார். இரண்டாவதில் அதே ஆள் டிராம் நேரம் பார்த்துக்கொண்டு, வரவேண்டிய காசுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். வந்துசேர்ந்த தொகை முன்னூற்று நாற்பத்தேழு என்று முழுசாகச் சொல்லி அவர் நிறுத்தவில்லை. பன்னிரண்டு அணாவையும் சேர்த்தே எழுதினார்.